லைனுக்கு முன்னால் எட்டு நிமிஷம்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனியில் ஷிப்ட் தொடங்குமுன் எட்டு நிமிஷம் எல்லோரும் உடற்பயிற்சி செய்ய வேண்டும். பாகங்களைப் பூட்டுகிற லைனுக்கு முன்னால் ஒரு சின்ன மேடை. அதில் ஏறி எண்ணிக்கை சொல்லிச் செய்து காட்டுகிறவள் நான். ஐந்து வருஷம் அந்த மேடை என்னுடையது. சூப்பர்வைசரே நான் "ஒன், டூ" சொன்னால்தான் குனிவார். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, ஒளிப்பானேன்.

பிரசவ விடுப்பு முடிந்து வந்த அன்று அங்கே தென்காசிப் பெண் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கிவிட்டாள். "யக்கா, வந்துட்டீயளா! நீங்களே ஏறுங்க. எனக்கு ஒரே கூச்சமா இருக்கு." நான் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்காமல் ஏறினேன்.

கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் பத்துக் குதி. மூன்றாவது குதியிலேயே சிறுநீர் கசிந்துவிட்டது. எங்கள் யூனிபார்ம் வெளிர்சாம்பல் பேன்ட். எதிரே நாற்பது பேர். "காலு புடிச்சிக்கிச்சு" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, சட்டையைக் கீழே இழுத்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். பிள்ளை பெற்ற வலியில்கூட நான் அப்படி அழவில்லை.

புதன்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போனபோது நர்ஸிடம் சொன்னேன். என்னைவிடச் சின்னவள்.

"நெறைய பேருக்கு கீதுக்கா, யாரும் வாயத் தொறக்கறதில்ல. ஒண்ணுக்க அடக்கற மாதிரி உள்ள இழுத்துப் புடிங்க, அஞ்சு எண்ணுங்க, வுடுங்க. நல்லா நடங்க. குதிக்கிறது இப்ப வேணாம்."

இவ்வளவுதானா என்று தோன்றியது. மேடையை மறுபடி பிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். என் ஸ்டேஷனில் ஒரு பீஸுக்கு நாலு ஸ்க்ரூ. ஸ்க்ரூவுக்கு ஒரு இழுப்பு. யாருக்கும் தெரியாது. முகத்தை இறுக்கிக்கொண்டு அவ்வளவு கவனமாக வேலை செய்கிறேன் என்று சூப்பர்வைசர் மெச்சினார். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தேன்.

"இன்னாடி, மெடல் வாங்கப் போறியா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா. நீ புள்ளையப் புடி."

அந்த மாதங்களில் நான் நின்றது கடைசி வரிசையில். தென்காசிக்காரி மேடையில் எண்ணும்போது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அங்கிருந்து பார்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. குதி வந்ததும் பின்னால் நிற்கும் பெண்கள் நாலைந்து பேர் கையை மட்டும் ஆட்டினார்கள். கால் தரையை விட்டு எழும்பவே இல்லை. அதில் ஒரு அக்காவுக்குத் தண்டலத்தில் காலேஜ் படிக்கிற மகன் இருக்கிறான். மேடையிலிருந்து நான் அதிகம் கத்தியது அவரைத்தான். "அக்கா, சோம்பேறித்தனம் பண்ணாம குதிங்க!"

மூன்று மாதம் கழித்துச் சமையலறையில் பத்துக் குதி குதித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மறுநாளே மேடை ஏறினேன். குதி வந்ததும் எண்ணுவதை நிறுத்தினேன்.

"அன்னிக்கு எனக்குக் காலு புடிக்கல. ஒண்ணுக்கு வந்துடுச்சு, அதான் ஓடுனேன். குதிக்க முடியாதவங்க குதிகால மட்டும் தூக்குங்க, போதும்."

ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் "ஒன்" என்றேன்.

முடிந்ததும் அந்த அக்கா பக்கத்தில் வந்தார். "உனுக்கு பயந்துகினு அஞ்சு வருசமா காலைல தண்ணி குடிக்காமதாம்மா வந்துகினு கீறேன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மன்னிச்சிக்கோக்கா" என்றேன்.

மறுநாள் அவர் பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டு வந்து முதல் வரிசையில் நின்றார்.