கடைசி மகன் வைக்க வேண்டிய கொள்ளி

எங்கள் வட்டச் செயலாளர் பொய் சொன்னார். என் அம்மாவைத் தெருவில், வீட்டு வாசலில் கிடத்தியிருந்த அன்று, "ஒந் தம்பிய ஏத்திக்கிட்டு ஜெயில்லருந்து வண்டி கிளம்பிருச்சு" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எந்த வண்டியும் கிளம்பவில்லை.

நான் செல்லூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். என் தம்பி ஆட்டோ ஓட்டினான். பசுமலைப் பக்கம் இரண்டு பேர் அவன் ஆட்டோவில் ஏறினார்கள். வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி, நடந்து போன ஒரு டீச்சரின் சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து மறுபடியும் ஏறினார்கள். ஆட்டோக்காரனும் கூட்டாளி என்று கேஸ். அவன் செய்யவில்லை என்று அண்ணன்காரன் சொன்னால் யார் கேட்பார்கள்? கோர்ட் சொல்ல வேண்டும். கோர்ட்டில் இன்னும் விசாரணையே ஆரம்பிக்கவில்லை. ஜாமீன் மனுவைத் தள்ளிவிட்டார்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கியபோது அவன் உள்ளேதான் இருந்தான்.

ஆடி மாதம் கட்சித் தலைவரைக் கைது செய்தார்கள். எங்கள் ஊருக்கே பெரிய தலை அவர். அவரையும் விசாரணைக்கு முன்னால்தான், அதே ஜெயிலில்தான் அடைத்தார்கள்.

அன்று தெருவே தலைகீழாக மாறியது. தறிகள் நின்றன. கரண்டு போன நாளில்கூட எங்கள் சந்துகள் அவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. பையன்கள் வந்து ஷட்டரைத் தட்டி, "அண்ணே, மரியாதையா இறக்கிருங்க" என்றார்கள். இறக்கினேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸின் கண்ணாடியை உடைத்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் முக்கில் சரவெடி வைத்து லட்டு கொடுத்தார்கள். எங்கள் தெருவில் பலர் மொட்டை போட்டார்கள். பெற்ற தகப்பன் செத்ததற்கு மொட்டை போடாதவனும் போட்டான்.

சாயங்காலம் வட்டச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே சிறையா, இது என்ன நியாயம் என்று கேட்டார். அது சரியான கேள்வி. இன்றைக்கும் சொல்கிறேன், சரியான கேள்விதான். நானும் கை தட்டினேன். அவ்வளவு பேர் கூடி அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். என் தம்பிக்காக ஒரு நாய்கூட அந்தத் தெருவில் குரைக்கவில்லை.

என் அம்மா மட்டும் அன்று அழவில்லை. அவள் அந்தக் கட்சிக்காரி. ஓட்டு போட ஆரம்பித்த நாளிலிருந்து வேறு சின்னத்தைத் தொடாதவள். சுற்றி இருந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டபோது, இவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அவரு உள்ள போயிட்டாருல்ல, இனிமே நம்ம பயலுக்கு ஒரு கொறையும் வராதுடா. நம்ம ஏரியாப் பயன்னு தெரிஞ்சா விட்டுருவாரா?"

"அம்மா, அவரே கைதிம்மா."

"அவரு எங்க இருந்தாலும் தலைவருடா. ஒனக்கு என்ன தெரியும்?"

வட்டச் செயலாளரும் அதற்கு எண்ணெய் ஊற்றினார். "தலைவர்ட்ட சொல்லியாச்சுக்கா. ஒங்க மகன் பக்கத்து ரூம்லதான் இருக்கான். சாப்பாடெல்லாம் தலைவர் சாப்பாடு." அம்மா இதைக் குழாயடியில் எல்லோரிடமும் சொன்னாள். என் பட்டறைக்கு வருகிறவன் எல்லாம், "என்னண்ணே, ஒங்க தம்பியும் தலைவரும் ஒரே ஹாஸ்டலாமே? எங்களுக்கும் ஒரு சீட்டு சொல்லுங்க" என்று கேலி செய்தான்.

அடுத்த முறை ஜெயிலில் மனு போட்டுத் தம்பியைப் பார்த்தேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் அவர்கள் ஒரு கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவோம். தலைவரைப் பார்த்தாயா என்று கத்திக் கேட்டேன். அவன் சிரித்தான்.

"அவரு இருக்கிற பிளாக்கு எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாதுண்ணே. அவரு வந்ததுலருந்து எங்கள வெளிய விடுற நேரத்தத்தான் கொறச்சுட்டாங்ய."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "அங்கன வச்சு அம்புட்டையும் வெளிய சொல்ல முடியுமாடா?" என்றாள். அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோவிலில் தலைவருக்காகப் பெண்கள் மண்சோறு சாப்பிட்டார்கள். சோற்றை வெறும் தரையில் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து வாயால் எடுத்துச் சாப்பிடுவது. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. விரதம் என்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, மாத்திரையும் போடவில்லை. தரை கொதித்தது. அவர் வெளியே வந்தால் கூடவே தன் மகனையும் கூட்டிக்கொண்டு வருவார் என்று நம்பி அவள் மண்டி போட்டாள். மறுநாள் விடியற்காலை, அடுப்படியில் விழுந்து கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்குக் கடைசி மகன். அப்பாவுக்கு நான் வைத்தேன். அம்மாவுக்கு அவன்தான். அம்மாவே விளையாட்டாகச் சொல்வாள், "ஒனக்கு ஒங்கப்பன், எனக்கு எஞ் சின்னவன்" என்று.

அதனால் அவனைக் கொண்டுவர வேண்டும். வக்கீல் காலையிலேயே போய் நின்று அனுமதி வாங்கிவிட்டார். போலீஸ் காவலோடு வந்து, காரியத்தை முடித்துத் திரும்ப வேண்டும், அன்று ஒரு நாள் மட்டும். உத்தரவு கையில் இருந்தது. கூட்டிவரப் போலீஸ்தான் இல்லை. அன்று காலை தலைவருக்கு நெஞ்சு வலி. அவரை ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். முன்னால் ஜீப், பின்னால் வேன், ரோடு முழுக்கக் காக்கி. என் தம்பிக்கு இரண்டு போலீஸ் போதும். "ஆள் இல்ல, பந்தோபஸ்து போயிருக்காங்க, பொறுங்க" என்றார்கள்.

மத்தியானம் வட்டச் செயலாளர் மாலையோடு வந்தார். கட்சிக்கொடியை அம்மாமேல் போர்த்தினார். அவள் ஆசைப்பட்டிருப்பாள், நான் தடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் கேட்டேன்.

"அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. தம்பி வரணும்."

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தார். "தலைவரே பேசிட்டாரு. வண்டி கிளம்பிருச்சு. எடுத்துராதீங்க" என்றார்.

காத்திருந்தோம். சங்கு ஊதுகிறவர் ஓய்ந்து போய் உட்கார்ந்தார். ஐஸ் பெட்டி வாடகைக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். சந்து முனையில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். என் தாய்மாமன் கோடித்துணியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"மாப்ள, பொழுது எறங்கிருச்சு. எடுத்துருவோம்."

"வண்டி கிளம்பிருச்சாம் மாமா."

"ஜெயிலு என்ன சீமையிலயா இருக்கு? நடந்து வந்தாக்கூட இந்நேரம் வந்திருப்பான்."

வட்டச் செயலாளரைத் தேடினேன். தலைவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார் என்றார்கள். போன் எடுக்கவில்லை. வக்கீலிடம் பேசினேன். அவர் ஜெயில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "இங்கேயிருந்து எந்த வண்டியும் போகல தம்பி" என்றார்.

தத்தனேரி சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். நீர்க்குடத்தை என் தோளில் வைத்தார்கள். சுற்றி வந்தேன். கொள்ளியை நான் வைத்தேன். அது எனக்கு உரியதல்ல. அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

பிறகு மனுவில் தம்பியைப் பார்த்தேன். காலையிலேயே அவனைக் குளிக்கச் சொல்லி, சட்டையை மாற்றச் சொல்லி, வாசல் பக்கம் உட்கார வைத்திருந்தார்களாம். சாயங்காலம் கைதிகளை அறையில் அடைக்கும் நேரம்வரை உட்கார்ந்திருக்கிறான். மற்றவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் கத்தவில்லை. உதடு அசைந்ததை வைத்துத்தான் புரிந்துகொண்டேன்.

"யாருண்ணே வச்சா?"

"நாந்தான்டா."

தலையை ஆட்டினான். போய்விட்டான். நேரம் மீதம் இருந்தது.

தலைவருக்கு இப்போது ஜாமீன் கிடைத்துவிட்டது. மேளம், கிரேனில் மாலை, மொட்டை போட்டவர்கள் தலையில் முடி முளைத்துவிட்டது. என் தம்பி உள்ளே இருக்கிறான். நான் ஊர் முழுக்க இதைச் சொல்லித் திரிகிறேன் என்று தெரிந்து வட்டச் செயலாளர் பட்டறைக்கு வந்தார். "ஒனக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் சொன்னேன். இத தனியா பேசிக்குவோம், தெருவுல வேண்டாம்" என்றார்.

தனியாகப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. என் அம்மா தெருவில் கிடந்துதான் காத்திருந்தாள். அண்ணே, தலைவருக்கு நம் தெருவில் நடக்கப்போகும் வரவேற்புக் கூட்டத்தில் அவரும் நீங்களும் மேடையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரப் போகிறீர்கள். அந்த மேடையிலேயே, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அன்று மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்களே, யாரிடம் பேசினீர்கள்? யாரிடமாவது பேசினீர்களா?