பத்தைத் தாண்டினால் ரிஜெக்ட்

ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் க்வாலிட்டி செக்கிங் என் வேலை. அளவு வரம்பைத் தாண்டிய பீஸில் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கிவிடுவேன். யோசிக்கவே மாட்டேன்.

கல்லீரல் புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்த மூன்றாவது வாரம், என் கணவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கினேன். கல்லீரல் கட்டி இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஏ.எஃப்.பி. என்ற அளவு எண்பது. பத்துக்குள் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது.

சிங்கப்பெருமாள் கோவில் வரை ஷேர் ஆட்டோ தண்ணீருக்கடியில் போவதுபோல் இருந்தது. லாரிகள் சத்தமில்லாமல் மிதந்தன. சாலையோர மரங்களிலெல்லாம் சிவப்பு அட்டைகள் ஆடின.

ரிப்போர்ட்டை அவரிடம் காட்டவில்லை. அடுத்த இரண்டு நாளும் அவர் சாப்பிடுவதையும் தூங்குவதையும் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

மூன்றாம் நாள் இருவருமாக டாக்டரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனுக்கு முன்னாடி எவ்ளோம்மா?" என்றார்.

"தொள்ளாயிரம் சார்."

"இப்போ எண்பது. ரத்தத்துல ஏற்கெனவே கலந்தது குறைய சில வாரம் ஆவும். ஒரு நம்பரை மட்டும் பாக்காதீங்க, இறங்கிகினே வருதான்னு பாக்கணும். அடுத்த மாசம் அதே லேப்ல எடுங்க, ஸ்கேனும் பாத்துடலாம்."

வெளியே வந்ததும் கணவர் மெதுவாகக் கேட்டார்: "அதான் ரெண்டு நாளா என்னை ரிஜெக்ட் பீஸ் மாதிரி பாத்துகினு இருந்தியா?"

இப்போது ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன். புதிய உறை வந்தால், அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பிரிக்கிறேன்.