உளுந்தங்களிக்கும் அன்னாசிக்கும் நடுவே ஒரு மருமகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓர் அன்னாசிப்பழத்துக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை பஸ்ஸில் போய்வர வேண்டியதாயிற்று. பழம் வாங்கப் போகவில்லை. பழம் சாப்பிட்டதற்குச் சாட்சி சொல்லப் போனேன்!

சிரிக்காதீர்கள். விஷயம் சீரியஸ்.

என் எடையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். வாக்கிங், வெந்நீரில் எலுமிச்சை, கொள்ளு ரசம், சிறுதானியம்... எல்லாவற்றையும் ஆரம்பித்திருக்கிறேன். ஆரம்பிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இந்தமுறை மாட்டியது அன்னாசிப்பழம். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் செல்போன் வீடியோவில் தோன்றி, “தினம் ரெண்டு வேளை அன்னாசி, கொழுப்பு தானா கரைஞ்சிடும்” என்று அடித்துச் சொன்னார். அவர் டாக்டரா, வெறும் கோட்டு மட்டும்தானா என்று யார் விசாரித்தோம்?

அந்த வீடியோவை எனக்குக் காட்டியவள் ஷீலா. பக்கத்து வீட்டு ரெஜினா அக்காவின் மருமகள். சிதம்பரத்துப் பெண். கணவன் ஜெரால்டுக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. இன்னும் குழந்தை இல்லை — இதை நான் சொல்லாவிட்டாலும் எங்கள் தெருவில் யாராவது உங்களை நிறுத்தி வைத்துச் சொல்லிவிடுவார்கள்.

“ஆன்ட்டி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து இந்த டயட்ட செய்யலாமா? பழத்த மட்டும் உங்க ஃபிரிட்ஜுலயே வெச்சிடலாம்” என்றாள்.

“ஏன், உங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கு என்ன வந்துச்சு?”

“அத்தை பாத்தா எதுனா சொல்லுவாங்க.”

மருமகள் டயட் இருப்பது எந்த மாமியாருக்குத்தான் பிடிக்கும்? அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தள்ளுவண்டிக்காரர் இருக்கிறார். அன்னாசியில் முள்முள்ளாக இருக்கும் கண்களையெல்லாம் சுற்றிச் சுற்றிச் சீவி எடுத்துச் சுத்தமாக வெட்டிக் கொடுப்பார். ரெஜினா அக்கா மதியம் சீரியல் பார்க்க உட்காரும் நேரத்தில் ஷீலா என் சமையலறைக்கு வந்துவிடுவாள். ஆளுக்கொரு கிண்ணம். மேலே உப்பு, மிளகாய்த்தூள். இரண்டாவது வாரத்தில் நாக்கு எரிந்தது. உதட்டோரம் புண்ணாகிவிட்டது. கொழுப்பு கரைவதற்கு இதெல்லாம் அறிகுறி என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

மூன்றாவது வாரம் எடை பார்த்தோம். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஷீலாவுக்கு ஏறியிருந்தது!

“அப்படி என்னதான்டி சாப்பிடுற வீட்டுல?”

அவள் சொல்லச் சொல்ல எனக்குத் தலை சுற்றியது. காலையில் எழுந்ததும் நல்லெண்ணெய் மிதக்க உளுந்தங்களி. கர்ப்பப்பைக்குப் பலமாம். அப்புறம் டிபன். பத்து மணிக்குப் பாதாம் அரைத்த பால். மதியம் நெய் ஊற்றிய சோறு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப். எல்லாம் ரெஜினா அக்கா தன் கையாலேயே செய்து, எதிரில் உட்கார்ந்து, தட்டு காலியாகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பரிமாறுவது.

“போதும்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா மூஞ்சி வாடிடும் ஆன்ட்டி. ரெண்டு நாளைக்குப் பேச மாட்டாங்க. எனக்குத் தாங்காது.”

ஆக, அந்த வீட்டுச் சாப்பாடு முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் ஒரு கிண்ணம் அன்னாசி. இதற்குப் பெயர் டயட்டா? ஆனால் அவளை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்... நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். நாலு இட்லியை விடமாட்டோம், கூடவே ஒரு டம்ளர் கொள்ளுத் தண்ணியும் குடித்துவிட்டு ‘டயட்டில் இருக்கேன்’ என்போம். நாமெல்லாம் டயட்டையும் இன்னொரு பதார்த்தமாகச் சேர்த்துக்கொள்கிறவர்கள்.

அடுத்த நாளே மாட்டிக்கொண்டோம்.

கறிவேப்பிலை கேட்டுப் பின்வாசல் வழியாக வந்த ரெஜினா அக்கா, வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஷீலாவின் கையில் கிண்ணம், வாயில் துண்டு.

“இன்னாடி சாப்புடுற?”

ஷீலா கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என்னால்தான் முடியாதே!

“அன்னாசிதான்க்கா. டெய்லி சாப்பிடுறோம். நீங்களும் ரெண்டு துண்டு எடுத்துக்குங்க!”

“டெய்லியா?”

அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதத்தில்தான் எனக்கு உறைத்தது. அன்னாசியும் பப்பாளியும் சாப்பிட்டால் கரு கலைந்துவிடும் — நம் பக்கத்தில் இதைச் சொல்லாத வீடு உண்டா? சரியா தப்பா என்பதை டாக்டர்களிடம் விட்டுவிடுங்கள். கல்யாணமான பெண் அன்னாசித் துண்டை எடுத்தால், வீட்டில் யாராவது ஒருவர் கையைப் பிடிக்கத்தான் செய்வார்கள். அப்படியிருக்க, நான்கு வருடமாகப் பேரப்பிள்ளைக்காக ஏங்கும் ஒரு மாமியார், மருமகள் பக்கத்து வீட்டில் ஒளிந்து ஒளிந்து தினமும் அதையே தின்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? ஐம்பதைத் தாண்டிவிட்டதால் என்னை யாரும் சந்தேகப்படவில்லை. பாவம், மாட்டியது அவள்.

“நாலு வருசமா ஏன் ஒண்ணும் நிக்கலன்னு இப்பத்தான் புரியுது” என்று சொல்லிவிட்டு ரெஜினா அக்கா திரும்பிப் போனார். கறிவேப்பிலையை மறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் ஷீலா சிதம்பரத்துக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டாள். ஜெரால்டு? அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் நம் ஆண்பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அவன் காலை ஷிப்ட்டுக்குப் போய்விட்டான். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்ற விதி அன்றைக்கு அவனுக்கு ரொம்ப வசதியாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரத்தில் ரெஜினா அக்கா புடவை மாற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

“ஸ்டெல்லா, கெளம்பு. அவ அம்மாவ நேர்லயே கேட்டுடுறேன். டெய்லி தின்னான்னு நீதான சொன்ன? அங்க வந்தும் சொல்லு.”

நான் சாட்சியா, கூட்டாளியா? எனக்கே புரியவில்லை. கிளம்பினேன்.

பஸ்ஸில் அவர் என்னோடு பேசவில்லை. சிப்காட் தாண்டும்போது ரசாயன நாற்றத்துக்கு ஜன்னலோரத்துக்காரர்கள் வழக்கம்போல மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர் மட்டும் மகன் வேலை செய்யும் கேட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆலப்பாக்கம் தாண்டிய பிறகு, முகத்தை என் பக்கம் திருப்பாமலே பேச ஆரம்பித்தார்.

“விடிய எழுந்து களி கிண்டுறேன் ஸ்டெல்லா. எனக்கே முட்டி வலி. நின்னுக்கிட்டே கிண்டுறேன். எவளாவது எம் மருமவளப் பாத்து ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுன்னுதான். அவளுக்குக் கொழந்த வேணாம்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமுல்ல? எதுக்கு என்னைய இப்படி ஏமாத்தணும்?”

அதுவரை எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது. புடவைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்தபோது அது போய்விட்டது. யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் முட்லூர் வரும்வரை தண்ணீர் பாட்டிலையே உருட்டிக்கொண்டிருந்தேன்.

சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷீலாவின் அம்மா வீடு. அந்த அம்மா பதறிப்போய்க் காபி கொண்டுவந்து வைத்தார். ரெஜினா அக்கா டம்ளரைத் தொடவில்லை. சம்பந்தி வீட்டுக் காபியைத் தொடாவிட்டால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“அண்ணி, ஒம் பொண்ணு தெனம் அன்னாசிப்பழம் தின்னு எங்க வீட்டு வாரிசக் கலைக்கிறா. இதோ ஸ்டெல்லாவையே கேளு.”

நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து ஷீலா வந்தாள். இரவெல்லாம் அழுத முகம். ஆனால் குரல் நிதானமாக இருந்தது.

“கலைக்கிறதுக்கு ஒண்ணு இருக்கணுமே அத்தை. இருந்தாத்தானே?”

நான் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்புறம் அவளே சொன்னாள். மாதா மாதம் அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சிதம்பரம் வந்ததெல்லாம் டாக்டரைப் பார்க்கத்தான். ஜெரால்டும் லீவு கிடைத்தபோதெல்லாம் கூட வந்திருக்கிறான். அவனுக்கும் மாத்திரை நடக்கிறது. இவளுக்கு எடை அதிகம், அது குறைந்தால்தான் அடுத்த கட்ட சிகிச்சை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“சோத்தக் குறைன்னாங்க அத்தை. நீங்க ஆசையா போடுற சோத்த நான் எப்படி வேணாம்னு சொல்றது? அதான் இந்தப் பழத்தையாவது தின்னா வெயிட்டு எறங்கும்னு...”

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”



“சொன்னா அடுத்த அன்பியத்துல என் பேரச் சொல்லி எல்லாரும் ஜெபம் பண்ணுவாங்க அத்தை. எல்லாருக்கும் தெரிஞ்சிடும். அப்புறம் ஜெபத்துக்கு வந்தவங்கெல்லாம் தெருவுல பாக்குறப்ப என்னாச்சு என்னாச்சுன்னு கேப்பாங்க. பயமா இருந்துச்சு.”

அன்பியம் என்றால் தெரியாதவர்களுக்கு: எங்கள் சர்ச் பங்கில் நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து மாதமொருமுறை ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்போம். யாருக்கு ஆபரேஷன், யார் பையனுக்கு வேலை இல்லை என்று பெயர் சொல்லி வேண்டிக்கொள்வோம். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் ஜெபம் முடிந்து காபி வருவதற்குள் விஷயம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். இதுவும் உண்மை. ரெஜினா அக்கா எங்கள் அன்பியத்தின் தலைவி வேறு!

அவர் ஆடை கட்டிப்போன காபியை எடுத்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

“அந்த டாக்டரம்மா இன்னிக்கு இருப்பாங்களா?”

எல்லோருமாகப் போனோம். டாக்டர் ரெஜினா அக்கா சொன்ன உளுந்தங்களிக் கதையை முழுக்கக் கேட்டார். அன்னாசிக் கதையையும் கேட்டார். பழம் எதையும் கரைக்காது, கருவையும் சரி, கொழுப்பையும் சரி, ஆசைக்கு அளவோடு சாப்பிடுங்கள் என்றார். சோறு பாதி, காய் ஜாஸ்தி, தினம் நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

“அப்ப நான்தான் ஏத்திவிட்டிருக்கேன்” என்றார் ரெஜினா அக்கா.

டாக்டர் இல்லையென்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. நல்ல டாக்டர்.

திரும்பி வரும்போது ஷீலாவும் எங்களோடு வந்தாள். ரெஜினா அக்கா மன்னிப்புக் கேட்டாரா என்கிறீர்களா? நம் ஊரில் எந்த மாமியார் கேட்டிருக்கிறார்? ஜன்னல் சீட்டை மருமகளுக்கு விட்டுக்கொடுத்தார், அதோடு சரி. மறுநாளிலிருந்து களிச்சட்டி பரணுக்குப் போனது. சாயங்காலங்களில் மாமியாரும் மருமகளும் சில்வர் பீச் பக்கமாக நடக்கிறார்கள். மாமியார் முன்னால், மருமகள் பின்னால். முட்டி வலி மாமியாருக்கா மருமகளுக்கா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். எடை மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜெரால்டு கூட இப்போது வீட்டில் வாயைத் திறந்து பேசுகிறான்.

நான் அன்னாசியை விட்டுவிட்டேன். அடுத்து என்ன ஆரம்பிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அன்பியக் கூட்டம் என் வீட்டில் நடந்தது. வேண்டுதல்கள் முடியப்போகிற நேரம். கடைசித் தெரு அம்மா ஒருவர் குரலை ரொம்பக் கனிவாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“நம்ம ஷீலாவுக்கும் சீக்கிரமா ஒரு கொழந்த பாக்கியம் கெடைக்கணும்னு வேண்டிக்குவமா? நாலு வருசம் ஆயிடுச்சு, இன்னும் ஒண்ணும் இல்ல பாருங்க...”

எல்லாத் தலையும் ஷீலா பக்கம் திரும்பியது. அவள் புடவை முந்தானையைச் சுருட்ட ஆரம்பித்தாள். எதற்குப் பயந்து இத்தனை மாதம் ஒளிந்து ஒளிந்து வாழ்ந்தாளோ அது நடந்தே விட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. காபி கொண்டு வருகிற சாக்கில் எழுந்து அவளையும் உள்ளே கூட்டிப்போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் ரெஜினா அக்கா தொண்டையைச் செருமினார்.

“தாராளமா வேண்டிக்குங்க. அவளுக்கு மட்டும் வேணாம், எம் புள்ளைக்கும் சேத்து வேண்டிக்குங்க. ரெண்டு பேருந்தான் டாக்டர்கிட்ட போறாங்க. நானும் கூடப் போறேன். அப்படியே எனக்கும் ஒரு ஜெபம் பண்ணுங்க. இனிமே யாராச்சும் எம் மருமவளப் பாத்து ‘இன்னும் ஒண்ணும் இல்லையா’ன்னு கேட்டா, அவங்கள நான் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்காம இருக்கணும். அதுக்குப் பொறுமைய ஆண்டவர் எனக்குக் குடுக்கணும்.”

சொல்லிவிட்டுக் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். ஷீலா முந்தானையை விட்டுவிட்டு மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மற்ற எல்லோரும் அவசர அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டோம். எங்கள் அன்பியம் அவ்வளவு பயபக்தியோடு ஜெபித்து நான் பார்த்ததேயில்லை!