மாமா கட்டிய பிஸ்கட் வீடு

என் மாமா கொத்தனார். அம்மாவின் தம்பி. இந்த ஊரில் அவர் கை படாத தெரு குறைவு. கூட நடந்து போனால், "இந்த மதில் நான் வெச்சது" என்று சொல்லி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அது இன்னும் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அம்மாவுக்கு அது பொறுக்காது. "ஊருக்கெல்லாம் வீடு கட்டுறான், தனக்குன்னு ஒரு குடும்பத்தைக் கட்டத் தெரியல" என்று அவர் காதுபடவே சொல்வாள். மாமா அசரமாட்டார். "நல்ல செங்கல் அமையலக்கா" என்பார்.

நாற்பது தாண்டிய பிறகு அமைந்தது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அத்தைக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகள் உண்டு. ஆறு வயது. வீட்டில் அவளை எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுடைய அப்பா இறந்துவிட்டார். அதனால் அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது அலமாரியின் மேல் சட்டம் போட்டு வைத்திருந்த ஒரு புகைப்படம். அதில் இருப்பவர் பேசமாட்டார், எதுவும் கேட்கமாட்டார், எப்போதும் ஒரே சட்டை போட்டிருப்பார். திடீரென்று அந்த வீட்டுக்குள் சிமென்ட் வாசனையோடு, பெரிய செருப்போடு, குறட்டையோடு ஒருவர் வந்து சேர்ந்தால் ஒரு குழந்தை என்ன செய்யும்?

சிட்டு அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. மாமாவை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் இருந்தாள், அவ்வளவுதான். தண்ணீர் பாட்டிலைத் திறக்க வேண்டுமென்றால் அதை அவர் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். சாப்பிடக் கூப்பிடு என்று அத்தை அனுப்பினால், அவர் இருக்கும் திசையைப் பார்த்து, "சாப்பாடு" என்று காற்றிடம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். கல்யாணமாகி ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போய்விட்டன. அவருக்கு அந்த வீட்டில் இன்னும் ஒரு பெயர் கிடைக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். குழந்தை வளர்ச்சி படித்தேன். ஒரு தொடக்கப் பள்ளியில், வகுப்பு முடிந்த பிறகு பெற்றோர் வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கூடத்தில் இப்போது வேலை. சிட்டுவும் அங்கேதான் வருகிறாள். அங்கே நான் அவளுக்கு மிஸ், வீட்டில் அக்கா. இரண்டையும் அவள் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. குழப்பமெல்லாம் எனக்குத்தான். மூக்குத் துடைத்துவிடவும் செருப்பு மாட்டிவிடவும் மூன்று வருடப் படிப்பு எதற்கு என்று அடிக்கடி நினைப்பேன். ஒருநாள் மாமா என்னைத் தனியாக அழைத்து, இந்த விஷயத்துக்குப் படிப்பில் ஏதாவது வழி சொல்லியிருக்கிறார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அவசரப்படுத்தக் கூடாது, குழந்தையே வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றேன். சொன்ன எனக்கே அது வெறும் பரீட்சை விடையாகப் பட்டது. மாமா மட்டும் தலையாட்டிக்கொண்டார்.

"காத்திருக்கறதுதானே, இருக்கலாம். ஆனா கூப்பிட்டா எனக்குக் கேக்கற தூரத்துலயாவது நிக்கணும்ல கண்ணு?"

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் கூடத்தில் அலங்காரப் பொருட்கள் செய்வது வழக்கம். அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: செய்வது எதுவானாலும் தின்னக் கூடியதாக இருக்க வேண்டும். பசை கிடையாது, ஜிகினா கிடையாது. சின்னதுகள் எப்படியும் எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்க்கும் என்பதால் எங்கள் சமையற்காரம்மா போட்ட சட்டம் அது. ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்துப் பச்சை கிரீம் பூசினால் மரம். ஓட்டை போட்ட நட்சத்திர பிஸ்கட்டில் நூல் கோத்தால் தோரணம். பெரிய வேலை, இஞ்சி பிஸ்கட்டில் வீடு. சுவருக்கு நான்கு, கூரைக்கு இரண்டு என்று சமையற்காரம்மா முதல் நாளே சுட்டு வைத்துவிடுவார். முட்டை வெள்ளைக்கருவில் பொடித்த சர்க்கரையைப் போட்டு அடித்த வெள்ளைச் சாந்தால் அவற்றை ஒட்ட வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் துணை.

அத்தைக்கு அந்தச் சனிக்கிழமை வேலை. அதனால் சிட்டு என்னிடம் வந்து, தான் தனியாகவே செய்துகொள்வதாக முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். அவள் அப்படிச் சொன்ன நாள் மாலையே மாமாவிடமிருந்து போன் வந்தது. தான் வரலாமா, வந்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்குமா என்று கேட்டார். அவளைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள், அவள் படம் வரைந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல், சனிக்கிழமை ஒரு துணை வந்தால் நல்லதா வராவிட்டால் நல்லதா என்று கேட்டேன். எந்தப் பதிலும் தப்பில்லை என்பதுபோல ஒரு கேள்வியைக் கேட்க எனக்குக் கல்லூரிதான் சொல்லிக்கொடுத்தது. அந்த நன்றி இருக்கிறது. சிட்டு ஒரு யானைக்கு முழுசாக வண்ணம் தீட்டி முடித்த பிறகு பதில் சொன்னாள்.

"அவருக்கு வீடு கட்டத் தெரியும்ல? வந்தா வரட்டும்."

மாமா வந்தார். கல்யாணத்துக்குப் போட்ட சட்டை, ஒட்ட வெட்டிய நகம். எவ்வளவு தேய்த்தும் விரல் வெடிப்புகளில் மட்டும் சிமென்ட் வெள்ளை போகவில்லை. குழந்தைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் காதைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்தார். பிறகு பையிலிருந்து வெந்நீரில் கழுவிய சாந்துக் கரண்டியையும், சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டையும் எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்து மேசை வங்கி ஊழியர் அதைப் பார்த்துவிட்டுத் தன் பிளாஸ்டிக் கத்தியை மெல்லக் கீழே வைத்தார்.

நான் பயந்தது, மாமாவே எல்லாவற்றையும் கட்டி முடித்துவிடுவார் என்று. அவர் அப்படிச் செய்யவில்லை. சாந்தைக் கரண்டியில் எடுத்து நீட்டுவார், அவள் பூசுவாள். அவள் சுவரை நிறுத்துவாள், அவர் பிடித்துக்கொள்வார். எங்கே கதவு என்று கேட்டார். அவள் காட்டினாள். எதிரே ஜன்னல் வேண்டாமா, காற்று எப்படிப் போகும் என்று கேட்டார். அவள் யோசித்து, சிவப்பு மிட்டாயில் ஒரு ஜன்னல் வைத்தாள். தூக்குக்குண்டை அவள் கையிலேயே கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அது ஆடி ஓயும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை. மற்ற மேசைகளில் கூரைகள் சரிந்தன, ஒரு தகப்பனார் சுவரைத் தின்றுவிட்டு மாட்டிக்கொண்டார். சிட்டுவின் வீடு மட்டும் அளவெடுத்து வைத்ததுபோல் நின்றது. அதைச் சுற்றிக் கூட்டம் கூடியது. அவள் யாரையும் பார்க்காமல், உதட்டை இறுக்கிக்கொண்டு, சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொண்டாள்.

சாந்து காய வேண்டும். பிள்ளைகளைக் கை கழுவவைத்து, கோன் மரம் தின்ன வராந்தாவுக்குக் கூட்டிப் போனேன். பெரியவர்களும் பின்னால் வந்தார்கள். மாமா மட்டும், மேசையைச் சுத்தம் செய்துவிட்டு வருகிறேன் என்று நின்றுவிட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது அவர் மேசைமுன் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தண்ணீர் டம்ளர். வீட்டைச் சுற்றி ஈரக் காகிதத் துண்டுகள் போர்த்தியிருந்தன. அவற்றுக்குள்ளே நான்கு சுவர்களும் ஊறி, உப்பி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கூரை நடுவில் குழிந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கட்டிய சுவரை அப்படியே விட்டுவிட்டு எந்தக் கொத்தனாரும் வேலையிடத்தை விட்டுப் போகமாட்டார். தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கைப் போர்த்திவிட்டுத்தான் கை கழுவுவார். மாமா மேசையைத் துடைத்தார், கரண்டியைக் கழுவினார், அடுத்த வேலையைக் கை தானாகவே செய்துவிட்டது. ஈரச் சாக்குக்குப் பதில் காகிதத் துண்டு. சர்க்கரை என்பது அவருக்கு உறைத்தபோது கூரை இறங்க ஆரம்பித்திருந்தது.

முன்பல் இரண்டும் விழுந்து, ஓட்டைப்பல் என்ற பட்டத்தைப் பெருமையாகச் சுமக்கும் ஒரு சிறுமி உண்டு. அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"சிட்டு, உங்கப்பா வீட்டைக் குளிப்பாட்டிட்டாரு."

கூடமே சிரித்தது. சிட்டு சிரிக்கவில்லை. அவள் அடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரிந்ததுபோல் இருந்தது: அவரு எங்க அப்பா இல்ல. அத்தனை பேர் முன்னால் அதை ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு எத்தனை மழைக்காலம் காத்திருந்தாலும் போதாது. மாமாவும் அதையேதான் எதிர்பார்த்தார் என்று அவர் கண்ணில் தெரிந்தது. நான் அவளருகே மண்டியிட்டு, உன் வருத்தம் எனக்குப் புரிகிறது என்ற அந்தப் பாடப்புத்தக வாக்கியத்தை ஆரம்பிக்கப் போனேன். மாமா முந்திக்கொண்டார்.

"நான்தான் கெடுத்துட்டேன் சிட்டு. தப்பு என்னோடது."

அவள் ஈரக் காகிதத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"எதுக்குத் தண்ணி ஊத்தினீங்க?"

அவரைப் பார்த்து அவள் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். மாமா டம்ளரை வைத்துவிட்டு அவள் உயரத்துக்குக் குனிந்தார். புதுச் சுவருக்குத் தாகம் எடுக்கும், நாள்கணக்கில் தண்ணீர் கொடுத்தால்தான் அது கெட்டிப்படும், இல்லாவிட்டால் வெடித்துவிடும் என்று விளக்கினார். பழக்கதோஷத்தில் இதற்கும் கொடுத்துவிட்டேன் என்றார். தாகம் எடுத்தால் சுவர் சொல்லுமா என்று அவள் கேட்டாள். சொல்லாது, நாமாகத்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் கொடுப்பீர்களா என்றாள். ஞாயிற்றுக்கிழமையும் போவேன் என்றார். அவர் சில ஞாயிறுகளில் காலையிலேயே எங்கே காணாமல் போகிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். கொஞ்சநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு ஓட்டைப்பல் பக்கம் திரும்பினாள்.

"சுவருக்குத் தாகமா இருக்குமேன்னு குடுத்தாரு. உனக்கு அதெல்லாம் தெரியாது."

"பிஸ்கட்டுக்குக்கூடவா தாகம் எடுக்கும்?" ஓட்டைப்பல் விடுவதாக இல்லை.

"அவரு புதுசுடி. கத்துக்குவாரு."

மாமா சட்டென்று கரண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. நான் சொல்ல வந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டேன். என் படிப்பு அன்று வாயை மூடிக்கொள்ளத்தான் உதவியது என்றால், அதற்கும் அது தகும் என்று பட்டது.

மிச்ச பிஸ்கட் இல்லை. திரும்பக் கட்ட வழியில்லை. ஓட்டைப்பல்தான் ஒரு வழி கண்டுபிடித்தாள். விழுந்த வீட்டில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, பாலில் முக்கியதுபோல் இருப்பதாக அறிவித்தாள். சமையற்காரம்மா கரண்டிகளோடு வந்தார். மற்ற வீடுகளையெல்லாம் அலமாரியில் வைத்து அழகு பார்க்கவேண்டும் என்று யாரும் தொடவில்லை. சிட்டுவின் வீட்டைத்தான் ஆளாளுக்கு ஒரு வாய் தின்றார்கள். தின்னக் கூடியதாக இருக்க வேண்டும் என்ற சட்டத்தை முழுசாகக் காப்பாற்றியது அந்த ஒரு வீடுதான். சிட்டுவே பங்கு பிரித்தாள். நனையாமல் தப்பிய சிவப்பு ஜன்னலை அம்மாவுக்கென்று காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். மாமாவுக்குக் கொஞ்சம் பெரிய பங்காகவே வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லாமல் வழித்துச் சாப்பிட்டார்.

அவர்கள் கிளம்பிய பிறகு, சர்க்கரை ஒட்டிய மேசைகளைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன். அன்று அந்த மேசைகளைத் துடைக்கக் கிடைத்ததே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. வேறொரு பெரிய வேலையில், வேறொரு பெரிய கட்டடத்தில் நான் இருந்திருந்தால் இதைப் பார்த்திருக்க முடியாது.

மறுநாள் ஞாயிறு. காலையில் மாமா போன் செய்தார். வெள்ளைச் சாந்து எப்படி அடிப்பது என்று சொல்ல வேண்டுமாம். வீட்டில் இன்னொரு தடவை கட்டப் போகிறார்களாம், உத்தரவு வந்திருக்கிறதாம். யாருடைய உத்தரவு என்று நான் கேட்கவில்லை. மஞ்சள்கரு ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் பாத்திரச் சத்தம், அத்தையின் சிரிப்பு. அவற்றுக்கு நடுவே சிட்டு தன் அம்மாவிடம் போடும் கட்டளை தெளிவாகக் கேட்டது.

"அம்மா, அப்பாவைத் தண்ணிக் குழாய்ப் பக்கம் விடாத."

நான் மஞ்சள்கருவைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

"கேட்டியா?" என்றார் மாமா, ரகசியம்போல.

"கேட்டேன் மாமா."

"நான் கேக்காத மாதிரியே இருந்துக்கறேன். திரும்பிப் பாத்தா வெக்கப்பட்டு நிறுத்திடுவா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, சொல்லு. எத்தன முட்டை?"