தறிச் சத்தத்தில் ஒரு சாட்சி

தொழிலாளி பக்கம் நின்று வழக்காடுகிறவனுக்குக் கட்சிக்காரர் பொய் சொன்னால்கூடச் சமாளித்துவிடலாம், பிடிவாதமாக உண்மை பேசினால்தான் ஆபத்து. கறுப்பு அங்கி மாட்டிப் பிழைக்கும் சகாக்களே, உங்களுக்கும் அப்படி ஒருவர் வாய்த்திருப்பார். எனக்கு வாய்த்தவர் தணிகாசலம். பிரெஞ்சுக்காரர் கப்பலேறிய புதிது அது. புதுச்சேரியில் கொடி மாறியிருந்தது, கோர்ட்டில் சட்டமும் பாஷையும் மாறவில்லை.

காது போச்சு

ஒரு நாள் காலை, பஞ்சு ஒட்டிய தலையோடு ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தார். வாயைத் திறந்தார், மூடினார், கையை விரித்தார். ஒரு சத்தமும் வரவில்லை. கண்கூடக் கலங்கியது, அதற்கும் சத்தமில்லை. எனக்குக் காது போய்விட்டது என்றே நினைத்தேன். மேஜையைத் தட்டிப் பார்த்தேன், நன்றாகக் கேட்டது. அவர் பாட்டுக்கு உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார். என் முழியைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"மன்னிச்சுக்குங்க ஐயா, தறி சத்தத்துல நாங்க இப்படித்தான் வாயப் பாத்துப் பேசிக்குவோம். வெளிய வந்தா கொரலு மறந்துடுது."

வாயைப் பார்த்த கதை

விஷயம் இதுதான். அவருக்குப் பக்கத்துத் தறியில் வேலை செய்தவர் வேலாயுதம். தறியில் நூலோடு இப்படியும் அப்படியும் பாயும் நாடாக்கட்டை ஒருநாள் தெறித்து, அதன் இரும்பு முனை நெற்றிப்பொட்டில் பட்டு, நின்ற இடத்திலேயே செத்துப்போனார். ஆளின் கவனக்குறைவு என்றது மில் நிர்வாகம். தறி நன்றாக இருப்பதாக, பழுதுபார்க்கும் பிட்டரும் சொல்லிவிட்டார். மறுவாரமே தணிகாசலத்தை அந்தத் தறியில் நிற்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். கீழ்ப்படியாதவன் என்று பெயர் வாங்கியவனை ஊரில் வேறு எந்த மில்லும் சேர்த்துக்கொள்ளாது, வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள்.

தறி பழுதாக இருந்ததால் மறுத்தேன் என்று சொல்லும்படி கெஞ்சினேன். பழுதா இல்லையா என்று தனக்குத் தெரியாதாம், தெரியாததை எப்படிச் சொல்வதாம். அப்படியானால் ஏன்தான் மறுத்தீர் என்று எரிந்து விழுந்தேன்.

"அந்தத் தறிக்குப் பின்னால வேலாயுதம் நின்னு, கிட்ட வராதேங்கறான் ஐயா. வாயத் தெளிவாப் பாத்தேன்."

காலி நாற்காலி

வேலாயுதத்தின் காரியத்துக்குப் போனேன். அங்கேயாவது உருப்படியான சாட்சி ஒருவர் அகப்படமாட்டாரா என்ற நப்பாசைதான். பட்டப்பகல். பந்தலில் தறிக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குரலும் இல்லை, எல்லா உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன. எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசினார்கள். நடுவில் நிறுத்தினார்கள். பதில் வந்ததுபோல் தலையை ஆட்டினார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவும் செய்தார். அவர்கள் பார்த்த பக்கம் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. எனக்கு முதுகு சில்லிட்டது, ஆனாலும் வக்கீல் கெத்து விடுமா, நேரே போய் அதில் உட்காரப் போனேன். வேலாயுதத்தின் மனைவி அஞ்சலை எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தாள். அவளும் அதே மில்லில் நூல் சுற்றுகிறவள்.

"அதுல மட்டும் உக்காராதீங்க ஐயா, அவரு வாய் அவங்களுக்கு மறைக்குது."

தறிக்கூடத்தில்

வேறு வழி தெரியாமல், நீதிபதியே வந்து தறியைப் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டேன். பிரெஞ்சு முறையில் அதற்கு இடம் உண்டு. நீதிபதி வந்தார், எதிர்த்தரப்பு வக்கீல் வந்தார், எழுதிக்கொள்ள கோர்ட்டு குமாஸ்தா வந்தார். தறிகள் ஓட ஆரம்பித்ததும் என் நெஞ்சு அடிப்பதுகூட எனக்குத் தெரியவில்லை. வேலாயுதத்தின் தறியும் ஓடியது, ஒரு குறையும் இல்லாமல். வழக்கு தோற்றது என்று முடிவு கட்டி, அந்தத் தறியின் ஓரமாகப் போய் நின்றேன். தணிகாசலத்தின் பிள்ளைகள் ஞாபகம் வந்தது.

தணிகாசலம் என்னைப் பார்க்கவில்லை. தறிக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைப் பார்த்தார். சரி என்பதுபோல் ஒரு தரம் தலையை ஆட்டினார். அடுத்த கணம் பாய்ந்து வந்து என் அங்கியைப் பிடித்து இழுத்தார். நான் விழுந்தேன். என் தலை இருந்த இடத்தைக் கடந்து போய் நாடா எதிர்ச்சுவரில் குத்தியது.

எல்லாத் தறிகளையும் நிறுத்தி, அதைப் பிரித்தார்கள். நாடாவை அடித்துத் தள்ளும் தோல் வார் உள்பக்கமாக இற்றுப்போய், அறுந்து தொங்கியது. வெளியே இருந்து யாரும் பார்த்திருக்க முடியாது என்று பிட்டரே கைகட்டி ஒப்புக்கொண்டார். அந்தத் தறியில் நிற்க மறுத்தது குற்றமாகாது என்று நீதிபதி அங்கேயே சொல்லிவிட்டார். பிறகு தணிகாசலத்தைக் கூப்பிட்டு, முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேலாயுதம் சொன்னான் என்றார் அந்தப் பாவி மனுஷன், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி விழித்தார். நீதிபதி அந்த வெறும் சுவரை நெடுநேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் குமாஸ்தாவிடம் சொன்னார்.

"அனுபவமுள்ள சக தொழிலாளி ஒருவர் எச்சரித்தார் என்று எழுதுங்கள்."

முக்கிய சாட்சியைக் கூண்டில் ஏற்றாமலே நான் ஜெயித்த வழக்கு அது ஒன்றுதான், ஏற்றியிருந்தாலும் அவர் பேசியது எனக்குக் கேட்டிருக்காது.