சிவப்புத் தட்டு

ஹனோயின் பழைய கடைவீதியில் மழை தூறிக்கொண்டிருக்கிறது. நாளை மறுநாள் கோவைக்கு விமானம். எங்கள் சுற்றுலாக் குழுவுக்குச் சாமான் வாங்க ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் கலாமணி நடக்கிறாள். தாராபுரத்துக்காரி, கல்லூரியிலிருந்தே என் தோழி. நேற்று பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டாகப் போய்த் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தாள். வியட்நாம் கைடுக்குக்கூட ஒன்று. பக்கத்து சீட்டில் இருந்த எனக்கு மட்டும் இல்லை. அதிலிருந்து அவள் கேட்டால்தான் நான் பேசுகிறேன்.

ஒரு கடை வாசலில் சிவப்பு அரக்குத் தட்டு ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

"கிஃப்ட்?" என்கிறார் கடைக்காரப் பெண்மணி.

"இவளுக்குத்தானுங்க" என்று தமிழிலேயே சொல்லி என்னைக் காட்டுகிறாள் கலாமணி. அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பத்திரிகைக்கே ஆகாதவளுக்குத் தட்டு எதுக்கு புள்ள?"

கலாமணி தட்டோடு என் பக்கம் திரும்புகிறாள். "ஏம்புள்ள, உனக்கும் பஸ்ஸுல நீட்டறதா? அவரும் நானுமா, இந்தத் தட்டுல வெத்தலை, பழமெல்லாம் வெச்சு, உங்க ஊட்டுக்கு வந்துதான அழைக்கோணும்!"

நான் குடையை அவள் பக்கமாகச் சாய்க்கிறேன்.

அவள் பெட்டியில் இடமில்லை. தட்டு என் பெட்டியில்தான் வருகிறது. கோவையில் இறங்கியதும் மறக்காமல் அவளிடம் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் அதை எடுத்துக்கொண்டு என்னை அழைக்க வருவாள்.