பனி என்று வைத்த பெயர்

என் கணவர் வேலை பார்த்த தேயிலை ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். கொழுந்து விலை அந்த அளவுக்கு இறங்கியிருந்தது. பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டிருந்தார்கள். குன்னூரைச் சுற்றி எங்கே போனாலும் இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டிய தேயிலை ஆள் உயரத்துக்கு நின்றது. அவர் அங்கே டீ மேக்கர். இலையை வாட வைப்பதிலிருந்து தூளாக்குவது வரை பார்த்துக்கொள்கிற ஆள். வேறு தொழில் தெரியாது.

கொஞ்ச நாள் வீட்டோடு இருந்துவிட்டு, "இன்டர்நெட்டுல டீ விக்கலாம் புள்ள" என்றார். நல்ல தூளாகப் பார்த்து வாங்கி, பாக்கெட் போட்டு, வடக்கே இருக்கிற வீடுகளுக்குக் கூரியரில் அனுப்புவது. ஊரில் பிரவுசிங் சென்டர்கள் வந்த புதிது. வெப்சைட்டுக்கு முதலில் ஒரு பெயர் பதிய வேண்டும், அது உலகத்தில் வேறு யாரும் எடுக்காத பெயராக இருக்க வேண்டும் என்று சென்டர் நடத்திய அம்மா சொன்னார். போய் உட்கார்ந்தோம். நீலகிரி என்று தொடங்கியதெல்லாம் போயிருந்தது. மலை, இலை, தோட்டம் என்று எதைத் தட்டினாலும் யாரோ முந்தியிருந்தார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். பெயர் வைப்பது என் இலாகா என்று நானே எடுத்துக்கொண்டேன். முதலில் 'மணம்' என்றேன். ஆங்கில எழுத்தில் அதை மானம் என்றும் படிக்கலாமே என்று நானே வேண்டாம் என்றேன். எவ்வளவு கவனமாக யோசிக்கிறேன் என்று உள்ளூரப் பெருமை வேறு. அப்புறம்தான் 'பனி' தோன்றியது. ஆங்கிலத்தில் நாலே எழுத்து, பின்னால் டீ. அதை யாரும் எடுத்திருக்கவில்லை. இவ்வளவு அழகான சொல்லை விட்டுவைத்திருக்கிறார்களே, ரசனை இல்லாதவர்கள் என்று நினைத்தேன்.

"வடக்க இருக்கறவங்களுக்கு வாயில வருமா?" என்று அவர் கேட்டார்.

"நல்லா வருமுங்க" என்றேன்.

பெயரைப் பதிந்து, லேபிள் அச்சடித்தோம். தேயிலை ஏலத்துக்காக வடநாட்டு வியாபாரிகள் ஊருக்கு வருகிற நாளில், அவர்கள் வந்து உட்காரும் ஓர் அலுவலகத்துக்குச் சாம்பிள் பாக்கெட்டுகளோடு போனோம். நானும் லீவு போட்டிருந்தேன். வயதான ஒரு வியாபாரி பாக்கெட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, 'பானி டீ' என்று படித்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் ஹிந்தியில் சொன்னார்: "தண்ணி டீயாம்! இந்த ஊர் டீ தண்ணியா இருக்குன்னு நாம சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். இப்ப இவங்களே பேர் வெச்சு ஒட்டிட்டாங்க."

அறையே சிரித்தது. என் கணவருக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. பிடித்துப்போய்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து அவரும் கூடச் சிரித்தார். கையைக் கூப்பிக்கொண்டு, "பேரு என்ற சம்சாரம் வெச்சதுங்க. தமிழ் டீச்சருங்க" என்று என்னைக் காட்டினார். உள்ளூர் குமாஸ்தா ஒருவர் அதை ஹிந்தியில் எடுத்துச் சொல்ல, இன்னொரு தடவை சிரித்தார்கள். சின்ன வயதில் ஹிந்திப் பரீட்சைகள் எழுதிச் சான்றிதழ் வாங்கியவள் நான். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. வாசல் எந்தப் பக்கம் என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் அவர் காலிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "அல்லாருமே சிரிச்ச மொகமா வாங்கிட்டாங்க, பாத்தியா?"

அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

"தண்ணியா?" என்றார். பையைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டே, "உனக்குத்தான் ஹிந்தி தெரியுமே புள்ள?"

கோபமாகக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். ஹிந்தி எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊரில் பனி என்றால் எனக்கு ஜன்னலுக்கு வெளியே இருப்பதுதான் பனி. தண்ணீர் என்கிற அந்த ஹிந்திப் புத்தகத்துப் பானி மனதில் வேறு எங்கோ கிடந்தது. இரண்டையும் ஒரு தடவைகூடச் சேர்த்துப் பார்க்கவில்லை. அதை எப்படி அவரிடம் சொல்வது? எங்கள் ஸ்டாப் வரப்போகிற நேரத்தில் அவர், "நானும் சிரிச்சனே" என்றார்.

அடுத்த பெயரை அவரே யோசித்தார். ஊர்ப் பெயரும் தன் வேலையின் பெயரும்: குன்னூர் டீமேக்கர். அதில் தப்பாக என்ன இருக்க முடியும்? ஆனாலும் அவர் பதிவதற்கு முன்னால் என்னையும் கூட்டிக்கொண்டு கடைவீதியில் இறங்கினார். பேக்கரி வைத்திருந்த மலையாளியிடம் கேட்டார். காய்கறி மண்டியில் ஒரு படுகர் பெரியவரிடம் கேட்டார். அடகுக்கடை மார்வாடியிடமும் போய் நின்றார்.

"ஏனுங்க, குன்னூர் டீமேக்கருன்னா உங்க பாஷையில ஏதாச்சும் கெட்ட அர்த்தம் வருதுங்களா?"

எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்காமல் இருப்பார்களா? ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து சொன்னார். "மொதல்ல என்ற ஊட்டுக்காரி ஒரு பேரு வெச்சாளுங்க. ஹிந்தியில அது தண்ணின்னு ஆயிப்போச்சுங்க." என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லத்தான் அவருக்குத் தெரியும். நான் புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் நின்றேன். மண்டிப் பெரியவர் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, எங்க ஊட்டுல ரெண்டு பசங்க உங்ககிட்டதான் படிக்கறாங்க" என்றார். அவர் சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த வாரமே வகுப்பில், கரும்பலகையில் 'பனி' என்று எழுத வேண்டிய ஒரு பாடம் வந்தது. பின் பெஞ்சில் கிசுகிசு கேட்டதா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது. எழுதாமல் வாயாலேயே சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

கெட்ட அர்த்தம் எந்த பாஷையிலும் இல்லை என்று தெரிந்த பிறகு பெயரைப் பதிந்தார். பழைய லேபிள் மேலேயே புதியதை ஒட்டினோம். ஆர்டர்கள் மெல்ல மெல்ல வந்தன. பெரிதாக ஒன்றும் இல்லை, வீடு நடந்தது. விலை தேறி வேறொரு ஃபாக்டரி அவரைக் கூப்பிட்டபோது வேலைக்குப் போய்விட்டார். பள்ளிக்கூட நேரம் போக மீதி நேரத்தில் பாக்கெட் போடுவதையும் போன் எடுப்பதையும் நான் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள் டெல்லியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். என் பரீட்சை ஹிந்தியில் பேசினேன். டீயைத் தோழி வீட்டில் குடித்தாராம், அவருக்கும் வேண்டுமாம். வெப்சைட் பெயர் என்ன என்று கேட்டார்.

சொன்னேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் வருகிறதா என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார்.

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.